தவிட்டுக்கு வாங்கிய பிள்ளையின் பிறந்தநாள்

புஷ்பவள்ளி கண் விழித்தபோது வீடே பனிக்குள் மிதந்துகொண்டிருந்தது. இரவு மழை பெய்தால் மந்தின் ஊர்ப்பக்கத்துத் தோட்டங்களில் விடியல் அப்படித்தான் வரும். செம்பனை மரங்களுக்கு அடி இருக்காது, தலை மட்டும் அந்தரத்தில் நிற்கும். எதிர்வரிசை லயத்து வீடுகள் கரைந்துபோய், யார் வீட்டு ரேடியோவோ எங்கிருந்தோ முனகும். அவள் எழுந்து கதவைத் திறக்காமல் பாயிலேயே கிடந்தாள். இந்தப் பனி இப்படியே விலகாமல் நின்றுவிட்டால் இன்றைய நாள் தொடங்கவே தொடங்காது என்று அவளுக்கு ஒரு கிறுக்கு நினைப்பு.

இன்றைக்குக் குப்புவுக்கு ஐந்து வயது நிறைகிறது. பிறந்தநாள் என்றால் பலூன் ஊதுவார்கள், கேக் வெட்டுவார்கள், அரிசிச் சேமியாவில் மீகூன் கிண்டுவார்கள். அதற்குப் போய் யாராவது எழுந்திருக்க மனமில்லாமல் படுத்துக் கிடப்பார்களா என்று கேட்பீர்கள். கிடப்பார்கள். ஏனென்றால் அந்தப் பிள்ளையைப் பெற்றவள் பக்கத்து வீட்டுத் திலகா. வாங்கியவள் புஷ்பவள்ளி. வாங்கியதை இன்றைக்குத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும்.

வாங்கியவள் என்றால் நிஜமாகவே வாங்கியவள்தான். நம் வீடுகளில் பிள்ளை அடம்பிடித்தால், "ஒன்னத் தவிட்டுக்குத்தான் வாங்குனேன், போ அந்தாண்ட" என்று திட்டுவோம் இல்லையா? மற்ற பிள்ளைகளுக்கு அது வசவு. குப்புவுக்கு அதுதான் வரலாறு.

திலகாவுக்கு முதல் பிள்ளை வயிற்றிலேயே போனது. அடுத்தது பிறந்து, தொப்புள்கொடி உதிரும் முன்னால் போனது. மூன்றாவதாகக் குப்பு பிறந்தபோது திலகா பிள்ளையைப் பார்க்கவே பயந்துபோய் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அவள் புருஷன் குணாளன் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவன், மலைமாதிரி ஆள். அவன் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து குழந்தைமாதிரி அழுதான். அப்போதுதான் பூசாரி வீரமுத்து யோசனை சொன்னார். பகலெல்லாம் எண்ணெய் மில் வாசலில் காவல் இருப்பார், வெள்ளி செவ்வாயில் மாரியம்மன் கோயிலில் மணி அடிப்பார், அவர்தான்.

"ஒங்க புள்ளன்னு தெரிஞ்சாத்தானப்பா எமன் வருவான்? வித்துடுங்க. அஞ்சு வயசு வரைக்கும் இன்னொருத்தி புள்ளையா இருக்கட்டும். அப்பறம் மீட்டுக்கலாம்."

யாருக்கு விற்பது? பக்கத்து வீட்டில் புஷ்பவள்ளி இருக்கிறாளே! தோட்டத்து நர்சரியில் செம்பனைக் கன்றுகளுக்கு மண் நிரப்பிப் பை கட்டும் வேலை அவளுக்கு. புருஷன் மணியம் மோட்டார் விபத்தில் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன. பிள்ளை இல்லை. வாய் கொஞ்சம் நீளம், கை அதைவிட நீளம், யாருக்கு எது வேண்டுமென்றாலும் எடுத்துக் கொடுத்துவிடும் கை. பிள்ளை வாங்குகிறாயா என்று கேட்டதும், "என்ன, கத்தரிக்காயா வாங்குறதுக்கு?" என்று எரிந்து விழுந்தாள். மறுநாள் விடிந்ததும் முதல் ஆளாய்த் தவிடு வாங்கப் போனதும் அவள்தான்.

இந்தக் காலத்தில் தவிடு எங்கே கிடைக்கிறது? நெல் குத்துகிற வீடா இருக்கிறது நம் பக்கம்? மந்தினில் கோழித்தீனி விற்கிற சீனன் கடைக்குத்தான் போனாள். கடைக்காரத் தவுக்கே எத்தனை கோழி வளர்க்கிறாய் என்று மலாயில் கேட்டார். "ஒண்ணுதான் தவுக்கே. குட்டிக் கோழி" என்றாள் இவள். ஒரு கோழிக்கு இவ்வளவா என்று அவர் முழித்துக்கொண்டே அளந்து போட்டார்.

அந்தத் தவிட்டை முறத்தில் கொட்டித் திலகாவிடம் கொடுத்து, பிள்ளையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள் புஷ்பவள்ளி. எமனும் கொள்ளிக்கண்ணும் ஏமாற வேண்டும் என்றால் பெயரும் பாந்தமாக இருக்கக்கூடாதாம். ரோகினி என்று பிறப்புப் பத்திரத்தில் இருக்கிற பெயரைப் பெட்டியில் பூட்டிவிட்டு, குப்பையில் கிடந்தது என்பதற்காகக் குப்பு என்று கூப்பிட்டார்கள். அதோடு இன்னொரு சட்டமும் போட்டார் வீரமுத்து. பிள்ளை புஷ்பவள்ளியைத்தான் அம்மா என்று கூப்பிட வேண்டும். பெற்றவள் அக்கா. பெற்றவன் மாமா.

அது நாடகம் என்று எல்லாருக்கும் தெரியும். திலகாவுக்குத் தெரியும், குணாளனுக்குத் தெரியும், லயத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் தெரியும், ஏன், மாரியம்மனுக்கே தெரிந்திருக்கும். ஒருத்திக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. அது யார் என்று கேட்கிறீர்களா? குப்புதான். சாமியை ஏமாற்றுவதில் இத்தனை கெட்டிக்காரத்தனம் காட்டியவர்கள் பிள்ளையும் ஏமாறுகிறது என்பதை யோசிக்கவே இல்லை. பெரியவர்கள் புத்தி எப்போதுமே அப்படித்தான்.

குப்பு இரவில் திலகா வீட்டில்தான் தூங்கினாள். விடியும் முன்னே கம்பெனி பஸ் வந்து திலகாவைச் செனவாங் தொழிற்சாலைக்கு ஏற்றிக்கொண்டு போய்விடும். அதன்பிறகு பகல் முழுக்கக் குப்பு புஷ்பவள்ளியின் உடைமை. கைக்குழந்தையாக இருந்தபோது நர்சரிக் கொட்டகையில் ஒரு சாரோங்கைத் தொட்டிலாகக் கட்டிப் போட்டாள். வேலையை மேற்பார்க்கிற மண்டோர் பார்த்தும் பாராததுபோல் போவார். தண்ணீர்க் குழாய்கள் சுழன்று சுழன்று கன்றுகளுக்கு மேல் சாரல் அடிக்கும். வெயில் அதில் பட்டு, கொட்டகையின் கூரையில் வெளிச்சம் நீந்தும். குப்பு அதைப் பார்த்துப் பார்த்துத் தூங்கிப்போவாள். மண் நிரப்புகிற கைகள் தன்னுடையவைதானா, இந்தப் பகல் நிஜப் பகல்தானா என்று புஷ்பவள்ளிக்குச் சமயத்தில் ஐயமே வந்துவிடும். பிறகு நடக்கப் பழகியதும் குப்பு கன்றுகளுக்கு நடுவே காணாமல் போக ஆரம்பித்தாள். இடுப்புயரப் பச்சைக்குள்ளிருந்து, "அம்மா, நான் எங்க இருக்கேன் சொல்லு" என்று குரல் மட்டும் வரும்.

அம்மா! அந்த வார்த்தைக்குப் புஷ்பவள்ளி எத்தனை பகல்கள் 'ஏன்டா கண்ணு' என்று பதில் சொல்லியிருப்பாள்! நாடகத்தில் வேஷம் கட்டினவள் முகத்திலேயே சாயம் ஊறிப்போன கதைதான். தனக்கு அது வேஷம் என்பதையே அவள் மெல்ல மெல்ல மறந்துவிட்டாள்.

முந்தைய பிறந்தநாள்களெல்லாம் புஷ்பவள்ளி வீட்டில்தான் நடந்தன. விற்ற பிள்ளைக்குப் பகட்டு ஆகாது என்று குப்புவுக்கு யாராவது கொடுத்த பழைய சட்டை. கிரீம் இல்லாத மஞ்சள் கேக், பெயர் எழுதாமல். யாரும் அழகு என்று சொல்லிவிடக்கூடாது. நகரத்திலிருந்து வந்த ஒருத்தி, "சோ க்யூட்லா" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டாள். புஷ்பவள்ளி அவளை வாசலுக்கு இழுத்துப்போய் மூன்றுதரம் துப்ப வைத்த பிறகுதான் மீகூன் தட்டையே கொடுத்தாள்.

திலகாவும் அந்தப் பிறந்தநாள்களுக்கு வருவாள். எப்படி? விருந்தாளியாக! நல்ல புடவை கட்டிக்கொண்டு, பளபளக் காகிதம் சுற்றிய பரிசோடு, மற்றப் பெண்களோடு சேர்ந்து வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வருவாள். "வா திலகா, உக்காரு" என்பாள் புஷ்பவள்ளி. முதல் துண்டு கேக் புஷ்பவள்ளியின் வாய்க்கு. பிறகு ஒவ்வொருவராய்ப் போய், கடைசியில் பக்கத்து வீட்டுக்காரர்களோடு திலகாவுக்கும் ஒரு துண்டு. "இந்தாக்கா" என்று குப்பு நீட்டுவாள். "தேங்க்ஸ்மா" என்று வாங்கிக்கொள்வாள் பெற்றவள். விருந்து முடிந்து அவள் வீட்டுக்குப் போனதும் சுவருக்கு அந்தப்பக்கம் குழாய்த் தண்ணீர் வெகுநேரம் ஓடும். பாத்திரம் கழுவுகிறாள் போலிருக்கிறது என்று புஷ்பவள்ளி நினைத்துக்கொள்வாள்.

அது பாத்திரம் கழுவுகிற தண்ணீர் இல்லை என்று அவளுக்குப் புரிய இத்தனை காலம் ஆனது.

போன மாதம் ஒரு சாயங்காலம் அவள் கொல்லைப்புறத்தில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். வானம் மாம்பழ நிறத்தில் கனிந்து கிடந்தது. பக்கத்து வீட்டுக் குளியலறையில் திலகா குப்புவுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். தகரத் தடுப்புக்கு மேலாகப் பேச்சு மிதந்து வந்தது.

"அம்மான்னு ஒரே ஒரு தடவ சொல்லுடா. சொக்லேட் தரேன்."

"நீ அக்கா. அம்மா அந்த வூட்ல இருக்கு."

"சும்மாக்காச்சுக்கும் சொல்லுடா. யாருக்கும் தெரியாது."

"பொய் சொன்னா சாமி கண்ணக் குத்தும்க்கா."

அதற்குப் பிறகு அந்தப்பக்கம் தண்ணீர் விழுகிற சத்தம்தான். புஷ்பவள்ளி துணிகளை நெஞ்சோடு அணைத்தபடி நின்றாள். அடிப்பாவி, அடிப்பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டாள். பத்து மாதம் சுமந்தவள் ஒரு சொல்லுக்கு லஞ்சம் கொடுத்துக் கெஞ்சுகிறாள். அந்தச் சொல்லை இவள் நாள் முழுக்கக் கேட்டுச் சலித்துக்கூடப் போயிருக்கிறாள். இவள் செய்த இன்னொரு காரியமும் அப்போது உறுத்தியது. அதற்கு முந்தைய வாரம்தான் வீரமுத்துவிடம் போய், "ஐயா, எதுக்கு அவசரம், ஏழு வயசு ஆகட்டுமே, பள்ளிக்கூடம் போறப்ப மீட்டுக்கலாமே" என்று நைசாகப் பேசிப் பார்த்திருந்தாள். மறுநாளே போய் அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தாள். சொல்லிவிட்டு வந்து சோறு தின்னவில்லை, அது வேறு விஷயம்.

அப்படியாகத்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை வந்து நின்றது.

பனி விலகத்தான் விலகியது. கதவை யாரோ உதைத்தார்கள். யாரோ என்ன, அவள்தான். "அம்மா, எந்திரி! இன்னைக்கு எனக்குப் பொறந்தநாளு, நீ தூங்குற!"

"வரேன்டா கண்ணு, வரேன்" என்று எழுந்தாள் புஷ்பவள்ளி. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினாள். வழக்கமாகக் கண்ணில் சீயக்காய் பட்டுவிட்டது என்று ஊரைக் கூட்டுகிற பிள்ளை அன்றைக்கு ஓயாமல் பேசியது. கேக் பெரிசாமே அம்மா? அதில் பேர் எழுதியிருக்காமே அம்மா? மாமா பலூன் ஊதி ஊதி அவர் கன்னமே பலூன் ஆயிடுச்சு அம்மா. ஒவ்வோர் அம்மாவுக்கும் புஷ்பவள்ளி ஒன்றுவிடாமல் பதில் சொன்னாள். ஒன்றைக்கூட வீணாக்க அவளுக்கு மனமில்லை.

கோயிலுக்குப் போகிற வழி செம்பனை வரிசைகளுக்கு நடுவே மண்பாதை. ஈர ஓலைகளிலிருந்து சொட்டுச் சொட்டாய் உதிர்ந்துகொண்டிருந்தது. பிள்ளையின் விரல் அவள் சுண்டுவிரலைப் பிடித்திருந்தது. இந்தப் பாதை இப்படியே நீண்டு, சி ரூசா கடற்கரைவரை போய்விட்டால்கூட நல்லதுதான், நடந்துகொண்டே இருக்கலாம் என்று தோன்றியது. ஆனால் தோட்டத்துக் கோயில் அவ்வளவு தூரத்திலா இருக்கிறது? வளைவு திரும்பினதும் வந்துவிட்டது.

திலகா முறத்தில் அரிசி, வெற்றிலை, மஞ்சள், ஒரு புதுப் புடவை எல்லாம் வைத்துக்கொண்டு நின்றாள். முகம் வெளுத்திருந்தது. குணாளன் வேட்டி கட்டிக்கொண்டு அசௌகரியமாக நெளிந்தான். நாலைந்து அக்கம்பக்கத்துப் பெண்கள். வீரமுத்து விபூதியைக் குழைத்துப் பூசிக்கொண்டு மில் காவலாளி என்பதே தெரியாமல் கம்பீரமாக நின்றார்.

"புஷ்பா, நல்லாக் கேட்டுக்க. ஆத்தா முன்னால மூணு தடவ சொல்லணும். எம் பொருளு இல்ல, ஒம் பொருளு, எடுத்துக்கன்னு. அவங்க புள்ளையத் தூக்குனதும் நீ திரும்பிப் பாக்காமப் போயிடணும். இன்னைக்குப் பூரா அவங்க வூட்டுப் படி மிதிக்கக் கூடாது. இனிமே புள்ள ஒன்ன அம்மான்னு கூப்புட்டா ஏன்னு கேக்கவே கூடாது. கேட்டியோ, மீட்டது செல்லாது. புரிஞ்சுதா?"

"எல்லாம் புரிஞ்சுது, ஆரம்பிங்க" என்றாள் புஷ்பவள்ளி வெடுக்கென்று.

முறத்தை வாங்கிக்கொண்டாள். பிள்ளையை முன்னால் நிறுத்தினாள். முதல்தரம் சொன்னாள். இரண்டாவதுதரம் சொன்னாள். மூன்றாவதுதரம் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை.

"காதுல விழலையே புஷ்பா. ஆத்தாவுக்கு விழணும்ல?" என்றார் வீரமுத்து.

"எம் பொருளு இல்ல! ஒம் பொருளு! எடுத்துக்க!" என்று கோயிலே அதிரக் கத்தினாள். மரத்திலிருந்த மைனாக்கள் எழும்பிப் பறந்தன. குப்பு மிரண்டுபோய் அவளை நிமிர்ந்து பார்த்தாள். அதற்குள் திலகா பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டாள். வீரமுத்து சங்கு ஊதினார். "ரோகினி, ரோகினி, ரோகினி" என்று குணாளன் பிள்ளையின் காதில் பெயரைச் சொன்னான்.

புஷ்பவள்ளி நடந்தாள். பின்னால் குரல் வந்தது. "அம்மா! எங்க போற?" நடந்தாள். "அம்மா, நானும் வரேன்! அம்மா! அம்மோவ்!" கால்கள் தரையில் படுகின்றனவா என்றே தெரியவில்லை. மரங்கள் ஒவ்வொன்றாய் அவளைக் கடந்து பின்னால் போயின. வளைவு வருவதற்கு முன்னால் குரல் நின்றுவிட்டது. கத்தினபோதுகூடப் பொறுத்துக்கொண்டாள். நின்றதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

வீட்டுக்குப் போகாமல் நர்சரிக்குப் போனாள். ஞாயிற்றுக்கிழமை, ஆள் அரவம் இல்லை. கன்றுகளுக்கு நடுவே உட்கார்ந்தாள். வெயில் ஏறி, மண் வாசனை கிளம்பி, தலை கிறுகிறுத்தது. எப்போது கண் அயர்ந்தாள் என்று தெரியாது. அரைத்தூக்கத்தில் கன்றுகளெல்லாம் மெல்ல மெல்ல வளர்ந்து மரமாகி, குலை தள்ளி, திரும்பவும் சிறுத்துக் கன்றாகிப் பைக்குள் உட்கார்ந்துகொண்டன. ஒவ்வொரு பைக்குள்ளும் ஒரு பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. எல்லாம் வேறு வேறு வீட்டுப் பிள்ளைகள், லோரி வந்து ஏற்றிக்கொண்டு போகும், நான் தண்ணீர் ஊற்றுகிறவள்தானே என்று அவள் யாரிடமோ நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். விழித்தபோது கன்னத்தில் மண் ஒட்டியிருந்தது. மனம் கனவில் இருந்த அளவுக்கு நிதானமாக இல்லை.

சாயங்காலம் அவள் வீடு திரும்பியபோது பக்கத்து வீட்டு வாசல் முழுக்கப் பலூன். ரோஸ் சிரப் கலக்குகிற வாசனை, கோழிக்கறி வாசனை, பிள்ளைகளின் கூச்சல். குணாளன் வேலியோரம் காத்துக்கொண்டு நின்றான்.

"அக்கா, அது காலையிலேர்ந்து வாயே தொறக்கலக்கா. ஒரு வார்த்த பேசல. புதுச் சட்டை போட்டுக்குச்சு, ஊட்டுனா தின்னுச்சு. பொம்மமாரி ஒக்காந்திருக்கு. திலகா மூஞ்சியப் பாக்க முடியல. நீங்க வந்து ஒரு வார்த்த சொன்னா..."

"படி மிதிக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காரே தம்பி."

"அட, அவரு பெரிய பூசாரிலா! மில்லு வாசல்ல ஒக்காந்து தூங்குற ஆளு."

"அவரு தூங்கட்டும். ஆத்தா தூங்காது" என்றாள் புஷ்பவள்ளி. "ரெண்டு புள்ளையப் பறிகுடுத்த வூடுப்பா ஒங்க வூடு. அங்க வெளயாட்டுக் காட்ட எனக்குத் தைரியம் இல்ல. போ, போய்க் கேக்க வெட்டுங்க."

அவன் தலையைக் குனிந்துகொண்டு போனான். இவள் உள்ளே போய் விளக்கைக்கூடப் போடாமல் தரையில் உட்கார்ந்தாள். சுவருக்கு அந்தப்பக்கம் பிறந்தநாள் பாட்டுத் தொடங்கியது. பெயர் வருகிற இடத்தில் பாதிப் பேர் குப்பு என்றும் பாதிப் பேர் ரோகினி என்றும் பாட, பாட்டு முட்டி மோதி நின்று, எல்லாரும் சிரித்தார்கள். கைதட்டினார்கள். "மொதத் துண்டு யாருக்குடா?" என்று யாரோ கேட்டார்கள். அதற்குப் பிறகு ஏன் இப்படி அடங்கிப் போனார்கள் என்று இவள் காதைத் தீட்டிக்கொண்டாள். ஒரு சின்னச் செருப்புச் சத்தம் அந்த வீட்டை விட்டு இறங்கி வருவது கேட்டது.

வாசலில் குப்பு நின்றாள். அடடா, என்ன அழகு! ரோஜா நிறப் பாவாடைச் சட்டை, தலையில் மல்லிகை. பிறந்த நாளிலிருந்து இந்தப் பிள்ளைக்கு ஒரு நல்ல உடை போட்டுப் புஷ்பவள்ளி பார்த்ததே இல்லை. இரண்டு கையாலும் ஒரு காகிதத் தட்டை ஏந்தியிருந்தாள். அதில் ஒரு துண்டு கேக். அவளுக்குப் பின்னால், முற்றத்து மங்கல் வெளிச்சத்தில், திலகா வந்து நின்றாள். தடுக்கவும் முடியாமல் கூப்பிடவும் முடியாமல் நின்றாள்.

"அம்மா" என்றாள் குப்பு.

காலையிலிருந்து பேசாத வாய் பேசிய முதல் வார்த்தை. புஷ்பவள்ளி பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"அம்மா, இந்தா. ஒனக்குத்தான் மொதத் துண்டு."

புஷ்பவள்ளி தலையைக் குனிந்துகொண்டாள். பிள்ளை உள்ளே வந்தாள். மண்டியிட்டு அவள் முகத்துக்கு நேராகத் தன் முகத்தை வைத்துப் பார்த்தாள். அவள் மூச்சில் இனிப்பு வாசனை அடித்தது. தொட்டால் கையில் வந்துவிடுகிற தூரம். ஏன்டா கண்ணு என்ற வார்த்தை நாக்கின் நுனியில் வந்து நின்று துடித்தது. சொன்னால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாமலும் போகலாம். ஏதாவது ஆகிவிட்டால்? இந்த மல்லிகையும் இந்த மூச்சும் இருக்க வேண்டும். அதற்காக என்னை எப்படி வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளட்டும். அவள் உதட்டை உள்ளே மடக்கிக் கடித்தாள்.

"அம்மா, நான் கிரீமத் தொட்டு நக்கிட்டேன். அதுக்கா கோவம்? கொஞ்சூண்டுதான்."

"இனிமே செய்ய மாட்டேம்மா. பேசும்மா."

புஷ்பவள்ளி நிமிரவில்லை. பிள்ளையின் கை தளர்ந்தது. தட்டு சாய்ந்து, கேக் தரையில் விழுந்து உடைந்தது. அதைப் பார்த்ததும் காலையிலிருந்து அடைத்துக் கிடந்ததெல்லாம் பீறிக்கொண்டு வந்தது. ஓவென்று அழுதுகொண்டே எழுந்தாள். அழுகிற பிள்ளை எங்கே ஓடும்? யாரிடம் முறையிடும்? நேரே முற்றத்துக்கு ஓடிப் போய்த் திலகாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டது.

"அம்மா... எங்கம்மா எங்கூடப் பேச மாட்டேங்குதும்மா! நீ கேளும்மா!"

திலகா அசையவில்லை. தன்னைத்தான் கூப்பிடுகிறாளா என்பதுபோல் ஒரு கணம் பின்னால்கூடத் திரும்பிப் பார்த்தாள். பிறகு அந்த ஈர மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். கட்டியிருந்த புடவை பாழானது.

"ஏன்டா," என்றாள். "ஏன்டா கண்ணு... அழாத, அம்மா கேக்குறேன். அம்மா கேக்குறேன்டா."

அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு எழுந்து வந்தாள். புஷ்பவள்ளி வீட்டு வாசலில் நின்றாள். கண்ணில் நீர் ஓட, குரலில் மட்டும் அதட்டல்.

"என்னக்கா இது? எம் புள்ளைய ஏன் அழ விடுறீங்க? பேசுங்கக்கா அவகிட்ட!"

எம் புள்ளை. லயம் முழுக்கக் கேட்கிற மாதிரி, வெட்டவெளியில் நின்று, யாருக்கும் பயப்படாமல் சொன்னாள். புஷ்பவள்ளி நிமிர்ந்தாள். வார்த்தைக்கு முன்னால் அழுகைதான் வந்தது. புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, தரையில் சிதறிக் கிடந்ததைக் காட்டினாள்.

"பாரு திலகா, ஒம் புள்ள கேக்கக் கீழ போட்டுட்டா" என்றாள்.